ஃபைலைத் தூக்கிக்கொண்டு: அரிய புற்றுநோயும் ஓர் எல்லை மாவட்டமும்

1. கேள்வி

காவேரிப்பட்டினத்தில் வடக்கே போகும் பேருந்தில் ஏறினால் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு. தெற்கே ஏறினால் தருமபுரி வழியாகச் சேலம். இரண்டுமே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வேலூர் 130 போல வரும். சென்னைக்கு 260 ஆகும். தென்பெண்ணைக் கரையில், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் இந்தச் சிற்றூரில் ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று ஒரு மருத்துவர் சொன்னால், உடனே எழும் கேள்வி ‘எந்தத் திசையில்?’ என்பதுதான்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இந்தக் கேள்வி எழாது. மார்பகப் புற்றுக்கும் கருப்பை வாய்ப் புற்றுக்கும்கூட இன்று பாதை ஓரளவு தெளிவு. திண்டாட்டம் அரிய புற்றுநோய்களில்தான். அங்கே ஒரு நிபுணர் போதாது. சதையைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்பவர், ஸ்கேனைப் படிப்பவர், கத்தி வைப்பவர், மருந்து கொடுப்பவர், தேவைப்பட்டால் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பவர் ஆகிய அத்தனை பேரும் ஒரே உடம்பைப் பற்றிப் பேசிவைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. அவர்களைப் பேசவைப்பது யார் பொறுப்பு? இக்கட்டுரை ஆராயும் கேள்வி இது ஒன்றே.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்ளலாம். இரைப்பையிலும் குடல் சுவரிலும் எழும் ‘ஜிஸ்ட்’ என்ற கட்டி அது. காரணம் இருக்கிறது. மருந்தே இல்லாத புற்றில் நோயாளி இறந்தால் பழியை மருந்தின்மை மேல் போட்டுவிடலாம். ஜிஸ்ட்டுக்கு மருந்து உண்டு, அது மாத்திரை, இந்தியாவில் மலிவாகவும் கிடைக்கிறது. ஆகவே இங்கே தவறு நேர்ந்தால், அது எந்த இடத்தில் நேர்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

2. அரிது என்றால் எவ்வளவு அரிது?

ஐரோப்பாவின் ‘ரேர்கேர்’ ஆய்வுக் குழு வகுத்த எல்லைக்கோடு இது: ஓராண்டில் லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வருவது அரிய புற்றுநோய். தனித்தனியே பார்த்தால் அற்பமான எண்ணிக்கை. ஆனால் அந்தக் குழு 2011இல் வெளியிட்ட கணக்கில், எல்லா அரிய புற்றுகளையும் கூட்டினால் ஐரோப்பியப் புற்றுநோயாளிகளில் 22 விழுக்காடு வந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல். ஐந்தாண்டு பிழைப்பு, பரவலான புற்றுகளில் 65 விழுக்காடாக இருக்க, அரியவற்றில் 47தான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 18.8 லட்சம். ஐரோப்பியக் கோட்டை அப்படியே இங்கே வைத்தால், மாவட்டத்தில் ஆண்டுக்கு 112 பேருக்கு வரும் ஒரு புற்றுகூட ‘அரியது’ என்றே ஆகும். ஜிஸ்ட் லட்சத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை பேர் வரை தாக்குவதாக வெளிநாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. அந்தக் கணக்கில் இம்மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 19 முதல் 28 பேர். இந்தியாவில் புற்றுநோய் விகிதமே ஐரோப்பாவைவிடக் குறைவு என்பதால் உண்மை எண் இன்னும் சிறியதாக இருக்கலாம். ஏறத்தாழ 15 ஆயிரம் பேர் வாழும் காவேரிப்பட்டினம் பேரூராட்சிக்கு ஆறேழு ஆண்டுக்கு ஒருவர் என்று வரும்.

இந்தச் சின்ன எண்ணில்தான் சிக்கல் அடங்கியிருக்கிறது. ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நோயை ஊர் மருத்துவர் சந்தேகப்படவில்லை என்று குறை சொல்ல முடியாது. ‘முன்கூட்டியே கண்டுபிடித்தால் குணமாக்கலாம்’ என்ற சுவர் விளம்பரமும் இங்கே உதவாது. ஜிஸ்ட்டுக்கு மக்களிடையே நடத்தக்கூடிய முன்னறி பரிசோதனை எதுவும் இல்லை. இரத்தம் குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, சாப்பிட்டால் வயிறு திம்மென்று இருக்கிறது. பலருக்கு அல்சர் மாத்திரையோடு மாதங்கள் கழியும்.

3. சென்னையில் தொடங்கிய வழக்கு

ஜிஸ்ட்டின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் உண்டு. மருத்துவ உலகைவிடச் சட்ட உலகம் அதை நன்றாக அறியும். 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் கட்டிகளில் ‘கிட்’ என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். அதுவரை இவற்றைத் தசைக்கட்டி வகையில் சேர்த்துவந்தார்கள், கீமோ கொடுத்தார்கள், பலன் கிட்டத்தட்ட இல்லை. அதே 1998 ஜூலையில் நோவார்டிஸ் நிறுவனம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டது. இமாட்டினிப் மெசிலேட் என்ற மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கான விண்ணப்பம். ‘கிளிவெக்’ என்று விற்ற அந்த மாத்திரை, நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுக்காக உருவானது. 2000இல் பின்லாந்தில் ஜிஸ்ட் முற்றிய ஒரு பெண்ணுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது. 2002இல் அமெரிக்கா ஜிஸ்ட்டுக்கும் அனுமதி தந்தது.

சென்னை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த நோவார்டிஸின் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: தெரிந்த பொருளின் புதிய வடிவம், நோயைத் தீர்க்கும் திறனில் கூடுதல் பலன் காட்டாவிட்டால், காப்புரிமை கிடையாது. கிளிவெக்கின் விலை அப்போது மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய்; இந்திய நிறுவனங்களின் மருந்து 8,000 முதல் 10,000 வரை. இன்று இமாட்டினிப் நாட்டின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருக்கிறது.

இந்தத் தீர்ப்பைப் பற்றித் தமிழிலும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. பெரும்பாலானவை, விலை குறைந்தது, ஏழை பிழைத்தார் என்ற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடும். அந்த வாசிப்பு பாதி சரி. இமாட்டினிப் வேலை செய்ய வேண்டுமானால் கட்டியின் பெயர் முதலில் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டியில் பழுதான மரபணு எது, அதிலும் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து அளவு மாறும்: ‘எக்ஸான் 9’ வகைக்கு வழக்கமான 400 மில்லிகிராம் போதாது என்பது பொதுவான கருத்து, வேறொரு மரபணுவில் வரும் ஒரு குறிப்பிட்ட பழுதுக்கு இந்த மருந்தே கேட்காது. கட்டியை எடுத்தபின் மாத்திரையை எத்தனை நாள் தருவது? 400 பேரை வைத்து நார்டிக் நாடுகளும் ஜெர்மனியும் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் வரும் ஆபத்து மிகுந்தவர்களில் மூன்றாண்டு சாப்பிட்டோர் 92 விழுக்காடும், ஓராண்டோடு நிறுத்தியோர் ஏறத்தாழ 82 விழுக்காடும் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தார்கள். விலையை நீதிமன்றம் பார்த்துக்கொண்டது. மற்ற மூன்றையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. மெழுகுக் கட்டி

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். காவேரிப்பட்டினத்துக்காரர், வயது 50, மாங்கூழ் ஆலையில் வேலை. (இம்மாவட்டத்து ஆலைகளில் கூழாகும் மாம்பழத்தின் பேரே ‘பெங்களூரா’, பழமும் அந்தத் திசையைத்தான் காட்டுகிறது.) வயிற்றில் கட்டி என்று ஸ்கேன் சொல்கிறது. பக்கத்து நகரத் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை நடக்கிறது. எடுத்த சதையை ஒரு பாட்டிலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

அந்தப் பாட்டிலிலேயே அவருடைய விதியில் ஒரு பங்கு தீர்மானமாகிவிடுகிறது. சதையை 10 விழுக்காடு ஃபார்மலின் கரைசலில், சதையைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் மூழ்கவைக்க வேண்டும். கட்டி பெரிது, பாட்டில் சிறிது என்றால் நடுப்பகுதி அழுகும். கரைசல் சரியில்லாவிட்டால் மரபணு சிதையும். பின்னால் எவ்வளவு செலவழித்துப் பரிசோதித்தாலும் விடை வராது. ஆய்வகத்தில் சதையின் துண்டுகளை மெழுகில் பதிப்பார்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டகம், அதன்மேல் மெழுகு, மெழுகுக்குள் பழுப்பு நிறத்தில் நகக்கண் அளவு சதை. சட்டகத்தின் ஓரத்தில் ஓர் எண். அதைப் பெரும்பாலும் பென்சிலால் எழுதுவார்கள். பேனா மையைக் கரைசல்கள் அழித்துவிடும். இதற்குப் பெயர் ‘பிளாக்’. இதிலிருந்து சீவியெடுத்த மெல்லிய இழையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் அது ‘ஸ்லைடு’.

நோயாளி வீட்டாருக்கு ரிப்போர்ட் தெரியும், பிளாக் தெரியாது. ரிப்போர்ட்டில் ‘கதிர் வடிவச் செல்கள் கொண்ட கட்டி’ என்று மட்டும் இருக்கலாம். அது நோயின் பெயர் ஆகாது, தோற்ற வருணனை. கூந்தல் நீளம் என்று சொல்லி ஆளை அடையாளம் காட்டுவது போல. ஜிஸ்ட்டா என்று உறுதிசெய்ய, அந்த பிளாக்கிலிருந்து புது ஸ்லைடு எடுத்து, ‘சிடி117’, ‘டாக்1’ என்ற இரு புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். பெரிய ஊரில் இது வழக்கமான வேலை. சிறிய ஆய்வகம் வெளியே அனுப்ப வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். கட்டணம் என்றதும் ‘கட்டியைத்தான் எடுத்தாச்சே’ என்ற பதில்.

மறுபார்வை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அளவான சான்று இருக்கிறது. ஜிஸ்ட் சேர்ந்திருக்கும் சார்கோமா குடும்பத்துக் கட்டிகளின் ஸ்லைடுகளைப் பிரான்சிலும் இத்தாலியிலும் நிபுணர்கள் இரண்டாம் முறை பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். முதல் முடிவோடு முழுமையாக ஒத்துப்போனவை பாதிக்குச் சற்று மேல். நூற்றில் எட்டு முற்றிலும் வேறு நோய். மீதியில் வகையோ வீரியமோ மாறியிருந்தது. வசதியான நாடுகளின் நிலையே இது என்றால், ஒரு மாவட்ட ஆய்வகத்தில் தனியாளாக உட்கார்ந்திருக்கும் நோய்க்கூற்றியல் மருத்துவரைத் திட்டுவதில் பொருளில்லை. அவருக்கு ஒரு தொலைபேசி எண் இருக்கிறதா என்பதே கேள்வி.

5. கூடிப் பேசினால் பலன் உண்டா?

பல துறை மருத்துவர்கள் ஒரே மேசையில் கூடி ஒரு நோயாளியைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு ‘ட்யூமர் போர்டு’ என்று பெயர். அது பலன் தருகிறதா? பிரான்சின் சார்கோமா வலைப்பின்னல் 12,528 நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டது. சிகிச்சை தொடங்கும் முன்பே கூட்டத்தில் பேசப்பட்டவர்கள் 42 விழுக்காட்டினர். அவர்களுக்கு ஸ்கேனும் பயாப்ஸியும் முறைப்படி நடந்திருந்தன. நோய் திரும்பாமல் வாழ்ந்த காலமும் கூடுதல்.

இதை அப்படியே விழுங்கக் கூடாது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை அல்ல. கூட்டம் வரை வந்தவர்கள் பணமும் தெம்பும் உள்ளவர்களாக இருந்திருக்கலாம். பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்திருக்கலாம். ஆய்வாளர்கள் இவற்றில் சிலவற்றைக் கணக்கில் கழித்துப் பார்த்தாலும் எல்லாவற்றையும் கழிக்க முடியாது. ‘எல்லோரும் ஒரே பெரிய மருத்துவமனைக்குப் போகட்டும்’ என்ற முடிவுக்கு இதிலிருந்து தாவுவோர் தூரத்தின் விலையை மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை சென்னை போய்வர இருவருக்கு இரண்டு நாள் கூலி போய்விடும். மூன்றாண்டு மாத்திரை, மூன்று அல்லது ஆறு மாதங்களுக்கு ஒரு ஸ்கேன் என்று கணக்குப் பார்த்தால், நோயாளி நடுவிலேயே நின்றுவிடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

பயணச் சலுகை இருக்கிறதே என்று கேட்கலாம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பில் கட்டணமே இல்லை. கிருஷ்ணகிரி நகருக்கு ரயிலும் இல்லை.

இக்கட்டுரை சான்றுகளைப் படிக்கும் விதம் இது: முடிவு நிபுணர் கூட்டத்தில் எடுக்கப்பட வேண்டும், சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கலாம். ஜிஸ்ட்டில் இது நன்றாகவே பொருந்தும். பயாப்ஸியைப் படிப்பதும், முதலில் அறுவையா மாத்திரையா என்று தீர்மானிப்பதும், கட்டி உடையாமல் வெட்டியெடுப்பதும் பழகிய கை செய்ய வேண்டியவை. கட்டி வயிற்றுக்குள் உடைந்தால் நோய் திரும்பும் ஆபத்து எகிறும். அதன்பின் சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் தினம் ஒரு மாத்திரை. இமாட்டினிப் சாப்பிடுவோருக்குக் காலையில் கண்ணைச் சுற்றி வீங்குவது சாதாரணம். ஊர் மருத்துவருக்கு அது முன்பே தெரிந்திருந்தால் தைரியம் சொல்வார். தெரியாவிட்டால் ‘கிட்னி போச்சு, மாத்திரையை நிறுத்து’ என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. ஒருங்கிணைப்பு என்ற பெரிய சொல், நடைமுறையில் இந்த ஒரு வரித் தகவல் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்து சேர்கிறதா என்பதுதான்.

6. எல்லையும் அட்டையும்

பெங்களூருவின் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் 1973இல் தொடங்கியது. அது நிற்பது ஓசூர் சாலையில். கிருஷ்ணகிரிக்காரருக்குச் சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் நிலையத்தைவிட அது பக்கம். கன்னடமும் தெலுங்கும் ஓசூர் வட்டாரத்துக்குப் பழகிய மொழிகள். ஆனால் அட்டை வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. அது தமிழ்நாட்டு அட்டை. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள குடும்பங்கள், திட்டத்தில் சேர்ந்த எந்த மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம் என்பது விதி. தம் குடும்பம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது கவுன்டரில் நின்ற பிறகே பலருக்குத் தெரியவரும்.

ஆயுஷ்மான் விதிகளில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது: புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பல துறை மருத்துவர்களின் கூட்டு ஒப்புதல் வேண்டும். நல்ல விதி. ஆனால் ஆண்டுக்கு ஒரு ஜிஸ்ட் பார்க்கும் மருத்துவமனையின் மூன்று கையெழுத்தும், ஆண்டுக்கு ஐம்பது பார்க்கும் நிலையத்தின் மூன்று கையெழுத்தும் விதியின் கண்ணுக்கு ஒன்றே. திட்டங்களில் அறுவைக்கு விலை உண்டு, கீமோவுக்கு விலை உண்டு. நான்கு மருத்துவர்களைப் பேசவைத்து, ஃபைலை ஒழுங்குசெய்து, அடுத்த தேதியை நினைவூட்டும் ஆளுக்கு விலை இல்லை.

ஓசூர் ஆலைத் தொழிலாளிக்கு இஎஸ்ஐ காப்பீடு உண்டு. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால். புற்றுநோய் போன்ற நெடுநோய்களுக்கு, சாதாரண 91 நாள் நோய்க்காலப் பயனுக்குப் பிறகும், சம்பளத்தில் 80 விழுக்காடு வரை இரண்டாண்டுக்குக் கிடைக்க வழி இருக்கிறது. இந்தியத் தொழிலாளர் சட்டங்களில் மனிதாபிமானமான பகுதி என்றே இதைச் சொல்லலாம். நிபந்தனை: இரண்டாண்டு தொடர் வேலை, அதற்குள் குறைந்தது 156 நாள் பங்களிப்பு. கான்ட்ராக்டர் மாற மாற வேலையில் இடைவெளி விழும் தொழிலாளி அந்த வாசலில் தடுக்கி விழுவார். மாங்காய்ப் பருவத்துக்கு மட்டும் ஆலைக்குப் போகிறவருக்கு அந்த வாசலே கிடையாது.

எண்ணிக்கையும் எல்லையில் சிதறுகிறது. சென்னை, பெங்களூரு மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடுகள் இரண்டும் 1982இல் ஒன்றாகப் பிறந்தவை. பதிவேட்டின் விதிப்படி அந்தப் பகுதியில் குறைந்தது ஓராண்டு வசித்தவரையே கணக்கில் சேர்ப்பார்கள். காவேரிப்பட்டினத்துக்காரர் பெங்களூருவில் நோய் கண்டறியப்பட்டால் அங்கே அவர் வெளியூர் ஆள். 2012 முதல் மாநிலம் முழுவதற்குமாக நடக்கும் தமிழ்நாட்டுப் பதிவேட்டுக்கு அந்தத் தகவல் திரும்பி வந்தால்தான் அவர் கணக்கில் வருவார். நூற்றுக்கணக்கில் வரும் நோயில் இரண்டு விடுபட்டால் படம் கெடாது. இருபது வரும் நோயில் ஐந்து விடுபட்டால் நோயில் கால்பங்கு கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

7. பொறுப்பு

துண்டு துண்டாக எல்லாமே இருக்கிறது. 2012இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலைப்பின்னலில் இன்று 300க்கும் மேற்பட்ட நிலையங்கள். இணையவழி ட்யூமர் போர்டு நடத்துகிறார்கள். டாடா நினைவு மருத்துவமனையின் நிபுணர் கருத்தை ‘நவ்யா’ வழியாக வீட்டிலிருந்தே கேட்கலாம். இமாட்டினிப் சாப்பிடுவோருக்கென ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்’ என்ற நோயாளிகள் குழு இருக்கிறது. கண் வீங்கினால் பயப்பட வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லித்தருவது அங்கேதான். 2022இல் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மூன்றாண்டுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையம் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. 2021இன் அரிய நோய்க் கொள்கை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பெரும்பாலும் மரபுவழி நோய்களை மனத்தில் வைத்து எழுதியது அது.

இந்தத் துண்டுகளைத் தைக்கும் ஊசி இப்போது நோயாளியின் மகனோ மகளோதான். பிளாக் எங்கே இருக்கிறது, ஸ்கேன் சிடி எந்தப் பையில், அட்டை செல்லுமா, அடுத்த தேதி எது என்பதெல்லாம் அவர் தலையில். படித்த, ஆங்கிலம் தெரிந்த, விடுப்பு எடுக்க முடிந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒரு வகைச் சிகிச்சை, இல்லாத வீட்டுக்கு வேறு வகை. இதைக் குடும்பப் பாசம் என்று புகழ்வது வழக்கம். நிர்வாகம் செய்யாமல் விட்ட வேலை என்று சொல்வதே பொருத்தம்.

இதற்கு மாற்று, புதிய கட்டடம் எதையும் கேட்கவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அரிய புற்றுகளுக்கென ஒரு செவிலியர் அல்லது மருத்துவச் சமூகப் பணியாளர். அவர் கையில் மாவட்ட நோயாளிகளின் பட்டியல், அடையாறு, வேலூர், கித்வாய் ஆகிய மூன்று இடத்துப் பெரிய மருத்துவமனைகளின் தொலைபேசி எண்கள், பிளாக்கை அனுப்பும் கூரியர் செலவுக்குச் சிறு தொகை. காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்லைடு மறுபார்வைக்கு ஒரு விலை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கப்பட்டது இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில். பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வாசலுக்கு வரும் அந்த ஊழியர், ‘மூன்று மாதத்து ஸ்கேன் எடுத்தாச்சா?’ என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம். ஜிஸ்ட்டுக்கு மட்டும் என்றால், ஆண்டுக்குப் புதிதாக இருபது முப்பது வீடுகளுக்கு மேல் அந்தக் கேள்வி தேவைப்படாது.

அதுவரை, இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது கட்டி எடுத்திருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியோடு பயாப்ஸி எண்ணையும் ஆய்வகத்தின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் கருத்துக்குப் போகும்போது அந்த பிளாக்கைக் கேட்டு, கையெழுத்துப் போட்டு எடுத்துப்போங்கள். வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு உருகும்.